விண்டோஸை மாற்றும் முன் உங்கள் டிஸ்க் ஒன்றா, இரண்டா என்று பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கியவர்களும், வீட்டில் இருந்த பழைய லேப்டாப்பைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர்களும் விண்டோஸ் 11-க்கு மாற முயல்கிறார்கள். பிராசசர் சரியாக இருக்கிறதா, டிபிஎம் 2.0 உள்ளதா என்றெல்லாம் பார்க்கிறார்கள். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. "1 டெராபைட் இருக்கிறது, போதும்" என்று விட்டுவிடுகிறார்கள். அந்த டிஸ்க் ஹைபிரிட் வகையாக இருந்தால் சற்றுக் கவனம் தேவை.

ஹைபிரிட் என்றால் கலப்பு. சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் சுழலும் தட்டு இருக்கும். விலை குறைவு, இடம் அதிகம், வேகம் குறைவு. பிளாஷ் மெமரி சிப்பில் சுழலும் பகுதி எதுவும் இல்லை. வேகம் அதிகம், விலையும் அதிகம். இரண்டையும் சேர்த்து, அடிக்கடி பயன்படும் பைல்களைச் சிப்பிலும் மற்றவற்றைத் தட்டிலும் வைத்தால் குறைந்த செலவில் ஓரளவு வேகம் கிடைக்கும். இதுதான் ஹைபிரிட் டிரைவின் அடிப்படை.

எந்த பைல் எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது யார்? உங்கள் டேட்டாவின் பாதுகாப்பு இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது.

முதல் வகையில் டிஸ்க்கே தீர்மானிக்கிறது. சீகேட் நிறுவனம் 2010-ல் வெளியிட்ட மொமன்டஸ் எக்ஸ்டி இதற்கு நல்ல உதாரணம். 500 ஜிபி தட்டும் 4 ஜிபி பிளாஷும் ஒரே பெட்டிக்குள் இருந்தன. எதைச் சிப்பில் வைப்பது என்பதை டிஸ்க்கின் உள்ளே இருக்கும் கன்ட்ரோலரே முடிவு செய்யும். விண்டோஸுக்கு அது ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க். பிறகு எஸ்.எஸ்.ஹெச்.டி. என்ற பெயரில் வந்தவையும் பெரும்பாலும் இப்படித்தான். இவற்றில் எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் தயங்காமல் பதியலாம். ஒன்றை மட்டும் எதிர்பாருங்கள். அப்கிரேடு செய்த முதல் சில நாட்கள் கம்ப்யூட்டர் முன்பைவிட மெதுவாகத் தெரியலாம். விண்டோஸின் பைல்கள் எல்லாம் புதியவை என்பதால், எதை அடிக்கடி கேட்கிறீர்கள் என்பதை டிஸ்க் மறுபடியும் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குள் "விண்டோஸ் 11 சரியில்லை" என்று பழையதைத் திரும்பப் போட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது வகையில் உள்ளே இருப்பது உண்மையிலேயே இரண்டு டிஸ்க்குகள். அவற்றை ஒன்றாகக் காட்டுவது ஒரு சாப்ட்வேர், அதாவது டிரைவர். (டிரைவ் வேறு, டிரைவர் வேறு. டிரைவ் என்பது பொருள். அதை இயக்க விண்டோஸுக்குச் சொல்லிக்கொடுக்கும் புரோகிராம்தான் டிரைவர்.) ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்றும்போது இந்த டிரைவரும் மாறும். சிக்கல் வருவது அங்கேதான்.

நம் கடைகளில் அதிகம் விற்றது இன்டெல்லின் ஆப்டேன் மெமரி. 2017-ல் வந்தது. 16 ஜிபி அல்லது 32 ஜிபி கொண்ட சிறிய கார்டு அது. மதர்போர்டில் உள்ள எம்.2 ஸ்லாட்டில் அமர்ந்து, பக்கத்தில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு வேகம் கொடுக்கும். சில விளம்பரங்களில் 4 ஜிபி ராமையும் 16 ஜிபி ஆப்டேனையும் கூட்டி "20 ஜிபி மெமரி" என்று போட்டார்கள். அதை நம்பி வாங்கியவர்கள் உண்டு. ஆப்டேன் ராம் அல்ல. 2022 ஜூலையில் இன்டெல் இந்தத் தொழிலையே மூடுவதாக அறிவித்துவிட்டது. ஆனால் அந்த லேப்டாப்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆப்டேன் இணைந்திருக்கும்போது நீங்கள் சேமிக்கும் பைல் முதலில் சிப்பில் எழுதப்பட்டு, பிறகு மெதுவாகத் தட்டுக்குப் போகலாம். அதாவது எந்த நேரத்திலும் உங்கள் டேட்டாவின் கடைசிப் பகுதி சிப்பில் மட்டுமே இருக்கக்கூடும். தட்டைத் தனியாக எடுத்துப் பார்த்தால் பக்கங்கள் கிழிந்த நோட்டு மாதிரி இருக்கும்.

இது வெறும் தியரி அல்ல. என் நண்பனின் அப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர். தன் லேப்டாப்பை விண்டோஸ் 11-க்கு மாற்ற ஒரு கடையில் கொடுத்தார். அங்கே "இந்தச் சின்ன கார்டு எதற்கு?" என்று ஆப்டேனைக் கழற்றி, அந்த ஸ்லாட்டில் எஸ்.எஸ்.டி. போட்டார்கள். பழைய ஹார்ட் டிஸ்க் திறக்கவில்லை. மகள் கல்யாண போட்டோக்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. "தம்பி, டிஸ்க் போய்விட்டதாம், பார்மட் பண்ணித்தான் ஆக வேண்டும் என்கிறார்கள்" என்று எனக்கு போன் செய்தார். "சார், எதையும் பார்மட் பண்ணச் சொல்லாதீர்கள். கழற்றிய கார்டை பத்திரமாக வாங்கி வையுங்கள்" என்றேன். நல்ல வேளை, கார்டை யாரும் அழிக்கவில்லை. அதே ஸ்லாட்டில் திரும்ப மாட்டியதும் பழைய விண்டோஸ் எழுந்து வந்தது. போட்டோக்களை முதலில் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி செய்துவிட்டு, ஆப்டேனை முறையாக நிறுத்தி, அதன் பிறகுதான் மற்ற வேலைகளைப் பார்த்தோம். டிஸ்க்குக்கு எந்தக் கோளாறும் இல்லை.

உங்களிடம் இருப்பது எந்த வகை? ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். அதில் டிஸ்க் டிரைவ்ஸ் என்ற வரியை விரித்தால் பெயர் தெரியும். பெயரில் ஆப்டேன் என்ற சொல் சேர்ந்திருந்தால் இரண்டாவது வகை. வெறும் சீகேட், டொஷிபா என்று மாடல் எண் மட்டும் இருந்தால், அந்த எண்ணை நெட்டில் தேடி எஸ்.எஸ்.ஹெச்.டி.யா, சாதாரண டிஸ்க்கா என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆப்டேன் இருந்தால் நான் செய்யும் வரிசை இது. முதலில் முக்கியமான பைல்களை வெளியே பேக்கப் எடுக்கிறேன். அடுத்து என்கிரிப்ஷன் போட்டிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதி வைத்துக்கொள்கிறேன். பயாஸில் எதையாவது மாற்றினால் விண்டோஸ் இதைக் கேட்கும். அந்த நேரத்தில் கீ இல்லையென்றால் பைல்களைத் திறக்கவே முடியாது. பிறகு இன்டெல்லின் ஆப்டேன் மெமரி அண்ட் ஸ்டோரேஜ் மேனேஜ்மென்ட் புரோகிராமைத் திறந்து டிஸேபிள் கொடுக்கிறேன். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும், நேரமும் எடுக்கும். நடுவில் பவரை நிறுத்தக் கூடாது. லேப்டாப் சார்ஜரில் இருக்கட்டும். கரண்ட் அடிக்கடி போகும் ஊர் என்றால் டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் அவசியம். முடிந்ததும் டிவைஸ் மேனேஜரில் இரண்டு டிஸ்க்குகளும் தனித்தனியாகத் தெரியும். அதன் பிறகே அப்கிரேடு.

விண்டோஸ் தானாக அப்கிரேடு செய்துகொள்ளும்போது பெரும்பாலும் ஆப்டேனை நிறுத்தாமலே வேலை முடிந்துவிடும் என்பது உண்மை. ஆனாலும் அதை நம்பியிருக்க எனக்கு மனம் வராது. 2019 மே மாதம் விண்டோஸ் 10-ன் 1903 பதிப்பு வந்தபோது, இன்டெல்லின் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரின் சில பதிப்புகள் (15.1.0.1002 முதல் 15.5.2.1053 வரை) ஒத்துப்போகவில்லை. அந்த டிரைவர் இருந்த கம்ப்யூட்டர்களுக்கு மைக்ரோசாப்ட் அப்டேட்டையே நிறுத்தி வைத்தது. பலர் "எனக்கு மட்டும் அப்டேட் வரவில்லையே" என்று பென் டிரைவ் மூலம் வலுக்கட்டாயமாகப் பதிய முயன்றார்கள். அப்டேட் வரவில்லை என்றால் முதலில் லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் புதிய ஸ்டோரேஜ் டிரைவர் உள்ளதா என்று பாருங்கள்.

பென் டிரைவ் மூலம் புதிதாகப் பதிபவர்கள் இன்னொரு இடத்தில் பயந்துவிடுகிறார்கள். டிஸ்க்கைத் தேர்வு செய்யும் திரையில் எதுவுமே தெரியாது. டிஸ்க் பழுதாகவில்லை. அந்த செட்டப்பில் இன்டெல் டிரைவர் இல்லை, அவ்வளவுதான். டிரைவரை இன்னொரு பென் டிரைவில் வைத்து, லோட் டிரைவர் என்பதைக் கிளிக் செய்து காட்டினால் டிஸ்க் தெரியும். இதற்குக் குறுக்கு வழி என்று பயாஸில் ரெய்டு என்பதை ஏ.ஹெச்.சி.ஐ. என்று மாற்றச் சொல்வார்கள். ஆப்டேனை நிறுத்தாமல் அப்படி மாற்றினால் பழைய விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும்.

ஆப்பிள் ஐமேக் வைத்திருப்பவர்களும் இதிலிருந்து தப்பவில்லை. 2012-ல் வந்த பியூஷன் டிரைவும் எஸ்.எஸ்.டி.யையும் ஹார்ட் டிஸ்க்கையும் சாப்ட்வேரால் ஒட்டிய ஜோடிதான். 2017 செப்டம்பரில் ஹை சியரா வந்தபோது ஆப்பிளின் புதிய பைல் முறையான ஏ.பி.எப்.எஸ். பியூஷன் டிரைவுக்குக் கிடைக்கவில்லை. பீட்டாவில் அதற்கு மாறியிருந்தவர்கள் பேக்கப் எடுத்து, டிஸ்க்கை அழித்து, பழைய முறைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. 2018 செப்டம்பரில் மொஹாவே வந்த பிறகே ஆதரவு கிடைத்தது. கம்ப்யூட்டர், ஆபரேட்டிங் சிஸ்டம் இரண்டையும் ஒரே நிறுவனம் செய்தும் ஒரு வருடம் ஆனது.

அப்கிரேடு முடிந்தபின் ஆப்டேனைத் திரும்ப இணைக்கலாமா என்று கேட்பார்கள். இணைக்கலாம். ஆனால் செலவு செய்ய முடிந்தால், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் 2.5 இஞ்ச் எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போடுவதையே நான் சொல்வேன். எல்லா பைல்களும் வேகமாகத் திறக்கும், ஒட்டுவதற்கு இரண்டாவது டிஸ்க்கும் இருக்காது. கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம், ஆப்டேனை நிறுத்திய பிறகு கழற்றியிருந்தால்.