கறள் பிடித்த தோசைக்கல்

மாரிகாலத்தில் மூலையிற் கிடந்த வார்ப்பிரும்புத் தோசைக்கல்லிலே செந்நிறக் கறள் படர்ந்தால், இனி உதவாதென்று அதனைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடுவோர் பலர். பேத்தி காலத்துக்கும் உழைக்கக்கூடிய பாத்திரம் அது. அவசரப்பட்டு இழத்தல் வேண்டா.

இரும்பும் ஈரமும் காற்றிலுள்ள ஒட்சிசனும் கூடுமிடத்தே கறள் பிறக்கின்றது. உப்பு அதனை விரைவுபடுத்தும். கறள் நுண்டுளைகள் உடையது. ஆதலால் ஈரம் அதனூடே இறங்கி உள்ளிரும்பையும் அரிக்கும்.

பரிகாரம் எளிது. தும்பும் மணலும் கொண்டு, கருஞ்சாம்பல் நிற இரும்பு தோன்றுமளவும் தேய்த்துக் கழுவுக. உடனே அடுப்பிலேற்றி ஈரத்தைப் போக்குக. பின்பு நல்லெண்ணெயைப் பூசி, மிகுதியைத் துணியால் ஒற்றியெடுத்து, புகை எழுந்து அடங்குமட்டும் காய்ச்சுக. மூன்று நான்கு முறை இவ்வாறு செய்யின், எண்ணெய் இறுகிக் கரிய மெருகாகும். ஈரத்தைத் தடுக்கும் கவசம் அதுவே. தேங்காயெண்ணெய் இங்ஙனம் எளிதில் இறுகாது.

புதிதாய் மெருகேறிய பாத்திரத்திற் புளிக்கறி காய்ச்சுதல் ஆகாது. புளிப்பு மெருகைக் கரைக்கும். சூடான கல்லிலே தண்ணீர் ஊற்றுதலுந் தீது; வார்ப்பிரும்பு வெடித்துவிடும். கறளைப் போக்கலாம், வெடிப்பைப் பொருத்துதல் அரிது.