விரலுக்குத் தகுந்த வீக்கம்
(ஒரு கால்பந்துக் கழகம் கடனில் மூழ்கிய கதை)

கடன் என்றதும் நம் நினைவுக்கு வருவன யாவை? மகளின் திருமணத்திற்காக நகையை அடகு வைக்கும் தந்தை. விதை வாங்கக் கைமாற்றுக் கேட்கும் உழவர். மளிகைக் கடையில் நீண்டுகொண்டே போகும் பற்றுக் கணக்கு. ஆயிரக்கணக்கானோர் பணம் கொடுத்துப் பார்க்க வரும் ஒரு கால்பந்துக் கழகமும் கடனில் மூழ்கும் என்று நம்மில் எவரேனும் எண்ணியிருப்போமா? ஆனால் அப்படித்தான் நடந்தது. அந்தக் கதையை வணிகவியல் மாணவி என்ற முறையில் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

லீட்ஸ் நகரின் பெருமை

இங்கிலாந்தின் வடபகுதியில் யார்க்‌ஷயர் வட்டாரத்தில் லீட்ஸ் நகரம் இருக்கிறது. கம்பளி ஆலைகளால் செழித்த ஊர். அங்கே 1919ஆம் ஆண்டு லீட்ஸ் யுனைடெட் கழகம் தோன்றியது. 1969, 1974, 1992 ஆகிய ஆண்டுகளில் அது நாட்டின் முதற் பிரிவில் முதலிடம் பெற்றது. எல்லண்ட் ரோடு என்னும் மைதானம் அதன் சொந்த வீடு. பாட்டனார், தந்தை, பேரன் என்று தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தார் அங்கு வந்து ஆட்டம் பார்ப்பது வழக்கம்.

வரவும் செலவும்

ஒரு கழகத்திற்கு வருவாய் எங்கிருந்து வருகிறது? நுழைவுச் சீட்டு விற்பனை, தொலைக்காட்சி நிறுவனங்கள் தரும் தொகை, விளம்பரம், போட்டிப் பரிசு ஆகியவையே முக்கியமானவை. செலவில் முதலிடம் ஆட்டக்காரர்களின் சம்பளத்திற்கு. அடுத்தது, வேறு கழகத்திலிருந்து ஓர் ஆட்டக்காரரை அழைத்துக்கொள்ள அந்தக் கழகத்திற்குக் கொடுக்கும் விலை.

இந்த விலை கணக்கேட்டில் ஒரு சொத்தாகவே பதிவாகிறது. ஆயினும் அது நிலம்போல நிலைத்த சொத்தன்று. ஐந்தாண்டு ஒப்பந்தமானால், வாங்கிய விலையில் ஐந்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் செலவாக எழுதப்படும். வகுப்பில் நாம் இயந்திரத்திற்குத் தேய்மானம் போடுகிறோமல்லவா, அதைப் போன்றதே இது. ஒப்பந்தம் முடிந்தால் சொத்தின் மதிப்பு சுழியம். வாங்கிய கடனோ அப்படியே நிற்கும்.

அகலக் கால் வைத்தார்கள்

1999-2000 பருவத்தில் லீட்ஸ் மூன்றாம் இடம் பெற்றது. அதனால் ஐரோப்பாவின் மிகப் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீகில் ஆடும் வாய்ப்புக் கிடைத்தது. அந்தப் போட்டியில் பணம் கொட்டும். நிர்வாகிகள் உற்சாகம் கொண்டனர். 2000ஆம் ஆண்டு நவம்பரில் ரியோ ஃபெர்டினண்ட் என்ற தடுப்பாட்டக்காரரை 1 கோடியே 80 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கினர். அந்நாளில் பிரிட்டனில் எந்த ஆட்டக்காரருக்கும் அவ்வளவு விலை கொடுக்கப்பட்டதில்லை. இளம் வீரர்கள் நிறைந்த அந்த அணி, 2001 மே மாதம் அரையிறுதி வரை சென்று, ஸ்பெயின் நாட்டு வலென்சியாவிடம் தோற்றது.

ஆனால் அதே பருவத்தில் உள்நாட்டு லீகில் அவர்கள் பெற்றது நான்காம் இடம். அப்போது முதல் மூன்று இடங்களுக்கு மட்டுமே அடுத்த ஆண்டு சாம்பியன்ஸ் லீகில் இடம். லிவர்பூல் ஒரே ஒரு புள்ளி கூடுதலாகப் பெற்று அந்த மூன்றாம் இடத்தைப் பிடித்துக்கொண்டது!

இங்கேதான் கையைக் கட்டியிருக்க வேண்டும். அதற்கு மாறாக, 2001ஆம் ஆண்டில் கழகம் 6 கோடி பவுண்டு கடன் வாங்கியது. எதை ஈடாக வைத்து? வருங்காலத்தில் விற்கப்போகும் பருவச் சீட்டுகளின் வருமானத்தை! இன்னும் முளைக்காத பயிரை அடகு வைப்பதற்கு ஒப்பானது இது. அவ்வாண்டு நவம்பரில் ராபி ஃபௌலர் என்ற மற்றொரு வீரரையும் சுமார் 1 கோடியே 10 லட்சம் பவுண்டுக்கு வாங்கினர். மீண்டும் சாம்பியன்ஸ் லீகுக்குச் செல்வோம் என்ற நம்பிக்கைதான் காரணம். 2002இல் முதல் நான்கு இடங்களுக்கு வாய்ப்பு இருந்தது. லீட்ஸ் பெற்றதோ ஐந்தாம் இடம்.

விற்றும் தீரவில்லை

அதன் பிறகு சரிவுதான். 2002 ஜூலையில் ஃபெர்டினண்டை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு ஏறத்தாழ 3 கோடி பவுண்டுக்கு விற்றனர். நல்ல இலாபம்தானே என்று தோன்றும். ஆனால் முட்டுப்பாட்டில் விற்கிறவனுக்கு எப்போதும் நல்ல விலை கிடைப்பதில்லையே! ஃபௌலரை வாங்கியதைவிட மிகக் குறைந்த விலைக்கு 2003 ஜனவரியில் கொடுக்க நேர்ந்தது. அதோடு, அவர் சம்பளத்தில் ஒரு பகுதியையும் லீட்ஸே தொடர்ந்து கட்டியது. நல்ல ஆட்டக்காரர் போனால் வெற்றி குறைகிறது. வெற்றி குறைந்தால் வரவு குறைகிறது. வரவு குறைந்தால் இன்னொருவரை விற்க வேண்டியிருக்கிறது. கடன் சுழல் என்பது இதுதான்.

2002-03 கணக்காண்டில் மட்டும் நட்டம் ஏறத்தாழ 5 கோடி பவுண்டு. அலுவலகத்தில் வளர்த்த தங்க மீன்களுக்கு வாடகையாக ஆண்டுக்கு 240 பவுண்டு கொடுக்கப்பட்டதாகச் செய்தி வெளிவந்தது. நாடே சிரித்தது. ஆனால் தோழியரே, கழகத்தைக் கவிழ்த்தது அந்த மீன்கள் அல்ல. கோடிக்கணக்கில் வாங்கிய கடனையும் ஒப்புக்கொண்ட சம்பளத்தையும் எவரும் தடுக்கவில்லை என்பதே குற்றம்.

2004இல் கழகம் முதற் பிரிவிலிருந்து கீழிறங்கியது. அதே ஆண்டில் சொந்த மைதானத்தையும் விற்றுவிட்டு, அதிலேயே வாடகைக்கு ஆடியது. 2007இல் திவால் நிலைக்கான நிர்வாகியிடம் கழகம் ஒப்படைக்கப்பட்டது. தண்டனையாக 10 புள்ளிகள் பறிக்கப்பட்டன. வரலாற்றிலேயே முதன்முறையாக மூன்றாம் பிரிவில் விழுந்தது.

யார் சுமந்தார்கள்?

விலையுயர்ந்த ஆட்டக்காரர்கள் வேறு கழகங்களுக்குப் போய்ச் சேர்ந்தனர். இங்கிலாந்துக் கால்பந்து விதிப்படி, கழகம் நொடித்தால் ஆட்டக்காரர்களுக்கும் மற்றக் கழகங்களுக்கும் உரிய பாக்கி முழுமையாகத் தீர்க்கப்பட வேண்டும். அக்காலத்தில் மற்றக் கடன்காரர்களுக்கு, அதாவது சில்லறை வணிகர்களுக்கும் அரசின் வரித் துறைக்கும், எஞ்சியதில் ஒரு சிறு பங்கே கிடைத்தது. வேலையிழந்த சாதாரணப் பணியாளர்களும், பணம் கட்டிக் காத்திருந்த இரசிகர்களும் அந்தக் கடனில் கையெழுத்திட்டவர்கள் அல்லர். ஆயினும் சுமை அவர்கள் தலையில் விழுந்தது.

லீட்ஸ் பிழைத்துக்கொண்டது. 2017இல் மைதானத்தைத் திரும்ப வாங்கி, 2020இல் முதற் பிரிவுக்கு மீண்டது. இடையில் கழிந்தவை 16 ஆண்டுகள்! எல்லோருக்கும் இந்தப் பேறு கிட்டுவதில்லை. 1885இல் தோன்றிய பெரி என்னும் சிறு கழகம் பணமின்றித் தவித்து, 2019இல் லீகிலிருந்தே நீக்கப்பட்டது. உலகப் புகழ் பெற்ற பார்சிலோனாவும் 2021இல் தன் கடன் 135 கோடி யூரோ என்று அறிவித்தது. மெஸ்ஸியைத் தக்கவைத்துக்கொள்ள அதனால் இயலவில்லை.

கடன் வாங்குவதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. கடனில்லாமல் தொழிலில்லை. ஆனால் கையிலிருக்கும் வரவை நம்பி வாங்கும் கடன் வேறு. வெற்றி வந்தே தீரும் என்று நம்பி வாங்கும் கடன் வேறு. "வராவிட்டால் என்ன செய்வது?" என்ற கேள்வியை அந்த நிர்வாகக் கூட்டத்தில் ஒருவர் அழுத்திக் கேட்டிருந்தால் போதும். நம் வீட்டிலே அம்மா மாதக் கடைசியில் வரவு செலவு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பது அந்தக் கேள்வியைத்தானே!

நாளை நாமும் ஓர் அலுவலகத்திலோ வங்கியிலோ குடும்பத்திலோ கணக்குப் பார்க்கும் இடத்தில் அமர்வோம். அன்று அந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்காதிருப்போமாக!

— மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவி, வணிகவியல் பிரிவு