உலாவித் தன்னியக்கச் சோதனையில் படிவ உறுப்புகள்

இணையப் படிவத்தின் உரைப்பெட்டி, பட்டியல், பொத்தான் முதலியவற்றை நிரல்வழியே தேடிப்பிடித்து, அவை சரியாக இயங்குகின்றனவா எனப் பார்ப்பது உலாவித் தன்னியக்கச் சோதனையின் அடிப்படை வேலையாகும். இதற்குப் பரவலாகப் பயன்படும் செலீனியம் கருவியை ஜேசன் ஹக்கின்ஸ் 2004-இல் சிகாகோவில் தொடங்கினார்.

உறுப்பை அதன் ஐடி, பெயர், சிஎஸ்எஸ் தெரிவி, எக்ஸ்பாத் ஆகியவற்றுள் ஒன்றால் தேடலாம். பக்கத்தில் ஒரே முறை வரவேண்டிய ஐடியே இவற்றுள் நம்பத்தக்கது. கண்ணுக்குத் தெரியும் எழுத்தைக் கொண்டு தேடுவது எளிதுதான். தமிழில் அது சில வேளை காலை வாரிவிடும். செங்கல்பட்டு மாவட்டத்துச் சிங்கப்பெருமாள் கோவிலையே எடுத்துக்கொள்ளலாம். 'கோவில்', 'கோயில்' என இரு வழக்கும் உண்டு. அதுவும் போக, ஒருங்குறியில் 'கோ' என்பதை ககரத்துடன் ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டைச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, எக்ஸ்பாத்துக்கோ வெவ்வேறு. ஊர் பட்டியலில் இருந்தும் 'உறுப்பு இல்லை' எனச் சோதனை தோற்கும். பட்டியலின் எழுத்துகளைப் படித்தெடுத்து, இரு பக்கத்தையும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றியபின் ஒப்பிட்டால் இச்சிக்கல் தீரும். வழக்கு வேறுபாடு அப்போதும் நிற்கும். அதற்கு, தெரிவின் 'வேல்யூ' பண்பைக் கொண்டு தேர்ந்தெடுப்பதே வழி.

கண்டுபிடித்த உறுப்பு திரையில் தெரிகிறதா, இயங்கு நிலையில் உள்ளதா, தேர்வாகியுள்ளதா எனத் தனித்தனியே கேட்கலாம். உரைப்பெட்டியில் நிரப்பியதை மட்டும் 'உரை' எனக் கேட்டால் வெறுமையே வரும். அங்கும் 'வேல்யூ'வைத்தான் கேட்க வேண்டும். புதியவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது.