காற்றாலையும் காக்க வேண்டிய தூரமும்

காரைக்கால்மேட்டில் பனி என்றால், மார்கழி விடியலில் படகின் விளிம்பில் படியும் ஈரம்தான். குளிர்நாடுகளில் குடியேறிய நம்மவர்கள் அறிந்த பனி வேறு. அங்கே குளிர்காலத்தில் காற்றாலைகளின் அருகே, 'பனிக்கட்டி விழக்கூடும். விலகிச் செல்க' என்னும் பொருள்பட எச்சரிக்கைப் பலகைகள் நிற்கின்றன. அவற்றின் பின்னுள்ள கணக்கு நம் கடற்கரைக்கும் தேவைப்படுகிறது.

உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் நீராகவே மிதக்கும் மேகத்துளிகள், காற்றாலை இறக்கையில் மோதிய கணமே பனிக்கட்டியாகின்றன. சுழலும் இறக்கை அக்கட்டிகளைத் தொலைவுக்கு வீசும். நின்றுவிட்ட இறக்கையிலிருந்தும், வெயில் ஏறி இளகும்போது, அவை விழும். காற்று அவற்றைத் தள்ளிச் செல்லும். ஆகவே, ஆலை ஓடவில்லை என்பதற்காக அதன் அடியில் நடந்து செல்வது அறிவீனம். நின்ற ஆலை மீண்டும் சுழலத் தொடங்கும் நேரமும் ஆபத்தானதே.

எவ்வளவு விலகுவது? ஐரோப்பிய ஆய்வாளர்கள் எளிய விதியொன்றை வகுத்தனர்: கோபுர உயரத்தையும் இறக்கை வட்டத்தின் விட்டத்தையும் கூட்டி, ஒன்றரையால் பெருக்க வேண்டும். இரண்டும் 100 மீட்டர் என்றால் 300 மீட்டர். பனியை உணர்ந்து ஆலையை நிறுத்தும் கருவிகளும், இறக்கையைச் சூடாக்கும் அமைப்புகளும் உண்டு. எனினும், தூரமே முதற்காப்பு.

நம் கடற்கரையில் பனிக்கட்டியின் இடத்தில் புயல் இருக்கிறது. காற்று ஏறத்தாழ மணிக்கு 90 கி.மீ. வேகத்தை எட்டினால், பெரும்பாலான காற்றாலைகள் இறக்கைகளைத் திருப்பித் தாமே நின்றுவிடும். ஆனால், காற்றின் திசை மாறும்போது கோபுரத் தலையைத் திருப்ப மின்சாரம் வேண்டும். 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் டெல்டாவின் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்ததைக் கண்டவர்களுக்கு இதன் பொருள் புரியும்.

கடலில் காற்றாலை அமைக்க மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் ரூ.7,453 கோடி உதவித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதில் 500 மெகாவாட் தமிழகக் கடலுக்கு உரியது. ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை, கடலிலுள்ள கட்டுமானங்களைச் சுற்றி 500 மீட்டர் வரை பாதுகாப்பு வளையத்தை அனுமதிக்கிறது. முழு வளையமும் விதிக்கப்பட்டால், ஒரு கோபுரத்துக்கு ஏறத்தாழ 0.8 சதுர கி.மீ. கடல் மூடப்படும்.

பொருளியல் இதைப் புறச்செலவு என்கிறது: ஒருவர் மின்சாரம் விற்கிறார், அதற்காக வேறொருவர் விலகி நிற்கிறார். விலகி நிற்பவரின் இழப்பு ஆலையின் கணக்கில் ஏறாதபோது, மின்சாரம் மலிவாகத் தோன்றும். அந்த மலிவுக்கு விலை கொடுப்பவர் வலை வீச இடம் இழந்த மீனவர்.

நான் காற்றாலையை எதிர்ப்பவன் அல்லன். கடல் மட்டம் உயர்ந்தால் முதலில் நனைவது எங்கள் மேடுதான். நான் கேட்பது கணக்கு. ஏலத்துக்கு முன்பே காப்புத் தூரம், படகு வழி, புயல்கால நடைமுறை, இழப்பீடு ஆகியவற்றைத் தமிழில் அச்சிட்டு, அந்தந்தக் கடலோர மீனவப் பஞ்சாயத்துகளின் முன் வைக்க வேண்டும். குளிர்நாட்டுப் பலகை வழிப்போக்கருக்கு முன்கூட்டியே சொல்வதை, நம் மீனவருக்கும் முன்கூட்டியே சொல்வதுதான் முறை.