பொம்மையா, வரலாறா? மேசை மீது எழும் போர் டாங்கிகள்

புதுதில்லி: ஆண்டுதோறும் ஜனவரி 26ஆம் தேதி தலைநகரின் கடமைப் பாதையில் டாங்கிகள் அணிவகுத்துச் செல்லும்போது பார்வையாளர்கள் கைதட்டி ஆரவாரம் செய்கின்றனர். அக்கூட்டத்தில் ஒரு சிலர் மட்டும் வேறொன்றை உற்றுநோக்குகின்றனர். புகைக் குண்டு வீசும் குழாய்கள் எந்தப் பக்கம் உள்ளன, சக்கரங்களுக்கிடையே இடைவெளி எவ்வளவு, கவசத் தகடுகளின் பற்றவைப்புக் கோடு எங்கே முடிகிறது என்பனவே அவர்களின் கவலை. பெரிய அளவில் மாதிரி டாங்கிகளை உருவாக்குவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட வயதுவந்தோர் இவர்கள்.

இப்பொழுதுபோக்கில் உலகெங்கும் அதிகம் புழங்குவது 35இல் ஒரு பங்கு என்னும் அளவு. இந்த அளவு பிறந்த கதை சுவையானது. ஜப்பானின் டாமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பேந்தர் டாங்கியை மோட்டாரில் ஓடும் மாதிரியாக வடிவமைத்தபோது, அதன் வயிற்றுக்குள் இரண்டு மின்கலங்கள் அடங்க வேண்டியிருந்தது. அவை அடங்கும் அளவுக்கு உடலை வகுத்தபின் கணக்கிட்டுப் பார்த்ததில் கிடைத்த விகிதமே 35இல் ஒன்று. அந்நிறுவனத்தை உலகப் புகழுக்கு உயர்த்திய ஷுன்சாகு டாமியா 2025ஆம் ஆண்டு காலமானார். ஓடும் விளையாட்டுப் பொருளுக்காகத் தோன்றிய அந்த அளவு, இன்று ஓடாத, துல்லியமே உயிரான மாதிரிகளின் அளவுகோலாக நிலைத்துவிட்டது.

பதினாறில் ஒரு பங்கு

இதனினும் பெரியது 16இல் ஒரு பங்கு அளவு. பீரங்கிக் குழாயை முன்னோக்கி நீட்டிய நிலையில் அர்ஜுன் டாங்கியின் நீளம் சுமார் 10.6 மீட்டர். 35இல் ஒரு பங்கில் அது 30 சென்டிமீட்டர். 16இல் ஒரு பங்கிலோ 66 சென்டிமீட்டர். உண்மையான டாங்கியின் அடர்த்தியிலேயே செய்தால் 58 டன்னுக்கு மேற்பட்ட எடை, 14 கிலோவாகச் சுருங்கும். உருவம் பெரிதாகும்போது பிழையும் பெரிதாகிறது. சிறிய மாதிரியில் கண்ணுக்குத் தப்பும் ஆணித்தலை, பெரிய மாதிரியில் விடுபட்டால் உடனே தெரியும். அதனால்தான் நுணுக்க வேலையில் தேர்ந்தவர்கள் பெரிய அளவையே நாடுகின்றனர்.

பெட்டியிலுள்ள பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டுவது வேலையின் தொடக்கம் மட்டுமே. வார்ப்பு எஃகின் சொரசொரப்பைக் காட்ட, கரைத்த பட்டியைப் பழைய பல்துலக்கியால் ஒற்றியெடுக்கின்றனர். மெல்லிய பித்தளைத் தகட்டில் அமிலத்தால் அரித்தெடுத்த வலைகளையும் கொக்கிகளையும் பொருத்துகின்றனர். சங்கிலிப் பட்டையைக் கண்ணி கண்ணியாகக் கோக்கின்றனர். பெயர்ந்த வண்ணத்தைக் காட்டுவதற்கு ஓர் எளிய வழி உண்டு. முதலில் துருவின் நிறம், அதன்மேல் தலைமுடிக்குத் தெளிக்கும் ஸ்பிரே, அதற்கும் மேல் பச்சை வண்ணம். காய்ந்தபின் ஈரத் தூரிகையால் தேய்த்தால் இடையிலுள்ள ஸ்பிரே கரைந்து, மேல்வண்ணம் இயற்கையாகப் பெயர்ந்ததுபோல் உதிரும்.

மண்ணும் சான்றே

மாதிரியின் மீது பூசும் மண் கூட வரலாற்றுக்குக் கட்டுப்பட்டது. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரண் அருகே அசல் உத்தர் போரில், கால்வாய்களை உடைத்து நீர் பாய்ச்சப்பட்ட வயல்களில் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் சிக்கிக்கொண்டன. ஜீப்பில் பொருத்திய பின்னுதைப்பற்ற பீரங்கியால் அவற்றைத் தாக்கிய அப்துல் ஹமீது, மறைவுக்குப் பின் பரம்வீர் சக்கர விருது பெற்றார். அந்த பேட்டன்களைச் செய்பவர், முன்புறம் ஒடுங்கிய சுழல்கோபுரம் கொண்ட எம்-47, ஆமையோடு போல் வளைந்த எம்-48 ஆகிய இரண்டும் களத்தில் இருந்ததை அறிந்திருக்க வேண்டும். கரும்பு வயலின் ஈரச் சேற்றுக்குப் பதில் ராஜஸ்தானின் உலர்புழுதியைப் பூசினால் போர்க்களமே மாறிவிடும்.

1948 நவம்பரில் 11,000 அடிக்கு மேற்பட்ட சோஜி லா கணவாயில் 7ஆம் இலகு குதிரைப்படையின் ஸ்டூவர்ட் டாங்கிகள் ஏறியது இன்னொரு வியப்பு. செய்தி கசியாமலிருக்கவும், வழியிலுள்ள பாலங்கள் தாங்கவும், சுழல்கோபுரங்களைக் கழற்றித் தனியே கொண்டுசென்றனர். டாங்கிகள் ஏறுவதற்கான பாதையை அமைத்துக் கொடுத்தவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் பொறியாளர் படையினர்.

1971 டிசம்பர் 16ஆம் தேதி பசந்தர் போரில் தீப்பற்றிய டாங்கியை விட்டு இறங்க மறுத்துப் போரிட்டு வீழ்ந்த அருண் கேத்தர்பாலுக்கு வயது 21. 'ஃபமகுஸ்தா' என்ற பெயர் பொறித்த அவரது செஞ்சுரியன் டாங்கி, இன்றைய அகில்யாநகரில் (முன்னைய அகமதுநகர்) பாதுகாக்கப்படுகிறது. அந்நகரில் 1994இல் திறக்கப்பட்ட டாங்கி அருங்காட்சியகம், மாதிரி செய்வோர் நாடிச் செல்லும் இடங்களுள் முதன்மையானது.

ஆவடிக்கு இடம் எங்கே?

வெளிநாட்டுப் பெட்டிகளில் வரும் டி-90 பெரும்பாலும் ரஷிய வடிவம். அதன் பீரங்கிக்கு இருபுறமும் சிவந்த கண்கள் போலிருக்கும் ஷ்டோரா தற்காப்புக் கருவி, இந்தியாவின் பீஷ்மா டாங்கியில் இல்லை. எனவே இந்தியப் படையின் டாங்கியை விரும்புவோர் அவற்றை நீக்கி, அவ்விடத்தைத் தாமே திருத்தியமைக்க வேண்டியுள்ளது.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965இல் முதலில் உருவாகி, பின்னர் 2,000க்கும் மேல் தயாரிக்கப்பட்ட விஜயந்தா, நாட்டின் டாங்கி உற்பத்திக்கே அடித்தளமிட்டது. ஆயினும் உலகின் மாதிரிப் பெட்டிகளில் ஜெர்மானிய டைகருக்கும் அமெரிக்க ஷெர்மனுக்கும் உள்ள இடத்தில் ஒரு சிறு பகுதியும் ஆவடியின் படைப்புகளுக்குக் கிடைக்கவில்லை. எஃகு அச்சு செய்ய ஆகும் பெருஞ்செலவை ஆயிரக்கணக்கில் விற்றால்தான் மீட்க முடியும் என்பதே காரணம். அண்மைக் காலத்தில் முப்பரிமாண அச்சுப்பொறிகள் இந்நிலையைச் சற்று மாற்றியுள்ளன. தேவையான பாகத்தைக் கணினியில் வரைந்து, ஒன்றே ஒன்றைக்கூட அச்சிட முடிகிறது.

ஆனால் வரைய அளவுகள் வேண்டும். 1923ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டம், நாட்டின் பாதுகாப்புக்குக் கேடான நோக்கத்துடன் எதிரிக்குப் பயன்படும் வரைபடம், குறிப்பு ஆகியவற்றோடு 'மாதிரி' தயாரிப்பதையும் குற்றமாகக் கூறுகிறது. பொழுதுபோக்காளரின் நோக்கம் அதுவன்று என்றாலும், அணிவகுப்பும் அருங்காட்சியகமும் வெளியான புகைப்படங்களுமே அவர்களுக்குப் பாதுகாப்பான ஆதாரங்கள்.

சுங்க வரியின் கண்ணில்

இறக்குமதியாகும் மாதிரிப் பெட்டிகள் சுங்கப் பட்டியலில் பொம்மைகளுடன் ஒரே தலைப்பில் வருகின்றன. அத்தலைப்புக்கான அடிப்படைச் சுங்க வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023இல் 70 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு இந்திய தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் கட்டாயமாக்கப்பட்டது.

தரமற்ற மலிவுப் பொம்மைகளிலிருந்து குழந்தைகளைக் காப்பதும், உள்நாட்டுத் தொழிலை வளர்ப்பதுமே அரசின் நோக்கம். அதில் பலனும் கிடைத்திருப்பதாக அரசு கூறுகிறது. 2014-15ஆம் ஆண்டுடன் ஒப்பிடுகையில் 2022-23இல் பொம்மை இறக்குமதி 52 சதவீதம் குறைந்ததாகவும், ஏற்றுமதி 239 சதவீதம் கூடியதாகவும் அரசுத் தரப்பு சுட்டிக்காட்டியது. இந்நோக்கத்தை எவரும் குறைகூற இயலாது.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. தரக் கட்டுப்பாட்டு ஆணை, 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொருள்களையே பொம்மை என வரையறுக்கிறது. சுங்கத் தலைப்பிலோ அத்தகைய வயதுக்கோடு இல்லை. கூரிய கத்தியும் கரைப்பான்களும் கொண்டு பெரியவர்கள் மாதக்கணக்கில் உழைக்கும் பொருளும், கிலுகிலுப்பையும் அங்கே ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. பாதுகாக்கப்பட வேண்டிய உள்நாட்டு உற்பத்தி கிலுகிலுப்பைக்கு உண்டு; மாதிரி டாங்கிக்கோ அது பெயரளவில்தான்.

வரியைக் குறைப்பதா, உள்நாட்டிலேயே இத்தகைய பெட்டிகளைத் தயாரிக்க ஊக்கமளிப்பதா என்பது அரசு முடிவு செய்ய வேண்டியது. இரண்டும் நடக்காதவரை ஓர் இந்திய இளைஞர் விஜயந்தாவை விட டைகரையே எளிதில் செய்து பார்க்க முடியும். ஆவடியில் உருவாகி நாட்டின் எல்லையில் காவல் நின்ற டாங்கி, அவரது மேசைக்கு மட்டும் வந்து சேராது.