ரத்த நோயாளிகளிடம் காசநோய் ஏன் தலைதூக்குகிறது?

காசநோய்க் கிருமி புகுந்த எல்லோரும் நோயாளி ஆவதில்லை. உலக மக்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு அந்தத் தொற்று இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கே வாழ்நாளில் நோய் வெளிப்படுகிறது. மற்றவர்களைக் காப்பது எது? வெள்ளணுக்கள்தான். நுரையீரலுக்குள் வரும் கிருமியைப் பெருவிழுங்கணுக்கள் விழுங்கிவிடும். ஆனால் பல சமயம் கொல்ல முடியாது. அப்போது டி அணுக்கள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரந்து அவற்றுக்கு வலுவூட்டுகின்றன. எல்லாம் கூடிக் கிருமியைச் சூழ்ந்து, சிறை வைத்ததுபோல் ஆண்டுக்கணக்கில் அடக்கிவிடும்.

லுகேமியா, லிம்ஃபோமா போன்ற ரத்தப் புற்றுநோய்கள் இந்த அணுக்களையே கெடுக்கின்றன. போதாக்குறைக்குச் சிகிச்சையும் சேர்ந்துகொள்கிறது. ஸ்டீராய்டும் கீமோதெரபியும் எதிர்ப்பைத் தளர்த்தும். மைலோஃபைப்ரோசிஸ் என்ற எலும்பு மஜ்ஜை நோய்க்குத் தரப்படும் ருக்ஸோலிடினிப், இன்டர்ஃபெரான் காமாவின் சமிக்ஞை அணுவுக்குள் செல்லும் பாதையையே தடுக்கிறது.

கண்டுபிடிப்பதுதான் எனக்குப் பெருங்கவலை. காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு ஆகியவை லிம்ஃபோமாவுக்கும் உண்டு, காசநோய்க்கும் உண்டு. தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனையும் டி அணுக்களை நம்பியதே. அவை சோர்ந்திருந்தால், கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரலாம்.

மருந்திலும் சிக்கல் உண்டு. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், லுகேமியா மருந்தான இமாட்டினிப்பைக் கல்லீரல் வேகமாகச் சிதைக்கும்படி செய்துவிடும்.

ரத்த நோய்க்குச் சிகிச்சை தொடங்கும் முன்பே, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.