மதிலுக்கு மேலால் வந்த பாட்டு

நெடுந்தீவில் றேடியோ வாங்கியவர் அதைத் தனக்கென்று வைத்திருக்க முடியாத காலம் ஒன்று இருந்தது. வளவைச் சுற்றி முருகைக்கல் மதில்தான். சீமெந்தும் சுண்ணாம்பும் இல்லாமல் கல்லுக்கு மேல் கல் அடுக்கியது. இடுக்குகளுக்குள்ளால் அடுத்த வளவு தெரியும். சோளகக் காற்று அதற்குள்ளால் புகுந்து போகும், பாட்டும் அப்படித்தான். இலங்கை வானொலியில் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா ‘திரைவிருந்து’ படைக்கத் தொடங்கினால், றேடியோ இல்லாத வீட்டார் தங்கள் முற்றத்தில் இருந்தபடியே முழுவதையும் கேட்டு முடிப்பார்கள். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி யாரும் வந்ததில்லை. கொஞ்சம் கூட்டிவிடச் சொல்லி வந்தவர்கள் உண்டு.

றேடியோவுக்குத் தபாற்கந்தோரில் லைசென்ஸ் எடுக்கவேண்டிய நாட்கள் அவை. மின்சாரத்தை நம்ப முடியாது, எல்லாம் பற்றரிதான். குரல் கம்மத் தொடங்கினால் பற்றரிகளைக் கழற்றி மதிலில் வெயிலுக்கு அடுக்குவார்கள். சூடேறிய பற்றரி இன்னும் ஒரு பின்னேரம் பாடும். கொழும்பில் 1950இல் தொடங்கிய வர்த்தக சேவைக்கு, 1952இல் இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியது பெரிய வாய்ப்பாகிப் போனது. தமிழ்நாட்டுக்காரரும் எங்கள் அலைவரிசைக்கு வந்து சேர்ந்தார்கள். தீவில் இருந்தவர்களுக்குத் திருச்சி வானொலியும் கேட்கும், கொழும்பும் கேட்கும்.

இந்த நாட்டில் வானொலி தொடங்கியபோது அதைக் கேட்டது ஹெட்போனில்தான் என்பதை இப்போது யாரும் நினைப்பதில்லை. 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி தொடங்கிய காலத்துக் கிறிஸ்டல் செற்றுக்கு பற்றரியே தேவையில்லை. அன்ரெனாவில் விழும் அலையின் பலத்திலேயே இயங்கியது. அந்தப் பலம் ஒலிபெருக்கியை ஆட்டப் போதாது. அதனால் ஒவ்வொருவரும் காதில் இரும்புத் தகடு வைத்த குமிழை மாட்டிக்கொண்டு தனித்தனியே கேட்டார்கள். வால்வு வந்து, ட்ரான்சிஸ்டர் வந்துதான் கேட்பது கூட்டுக் காரியமாயிற்று. எங்கள் தீவுக்கு அந்தக் கூட்டுக் காலந்தான் வந்து சேர்ந்தது.

போர் அதை மறுபடி மாற்றியது. 1990 ஜூனுக்குப் பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தடைசெய்யப்பட்ட சாமான்களில் பற்றரியும் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் மற்றவர்கள் இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை கேட்டார்கள். தீவுப் பகுதி கடற்படையின் பிடிக்குள் இருந்தது. எங்கள் பெரியம்மா வீட்டு றேடியோ திண்ணையிலிருந்து உள்ளறைக்குப் போய், பிறகு தலையணைக்குப் பக்கத்துக்குப் போனது. பாட்டு மதிலைத் தாண்டுவது நின்றது. அவ கேட்ட முக்கியமான சத்தம் அப்போது வேறு. 1985 மே 15இல் எங்கள் தீவின் பயணிகள் படகான குமுதினியில் நடந்த கொலைகளுக்குப் பிறகு, கடலில் இஞ்சின் சத்தம் கேட்டால் வேலையை நிறுத்திக் காது கொடுப்பா. “இது எங்கட வள்ளம் இல்லை” என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை.

இன்று நெடுந்தீவில் பிள்ளைகளின் காதுகளில் சின்ன இயர்பட். சிலிக்கன் நுனி காதுத் துவாரத்தை அடைத்துவிடும். குறிகட்டுவானிலிருந்து ஏறக்குறைய ஒரு மணிநேரப் படகில் கீழ்த்தட்டில் இருந்தவருக்குத் தெரியும், டீசல் இஞ்சினுக்கு மேலால் எதையாவது கேட்பதென்றால் இப்படி அடைத்துத்தான் ஆகவேண்டும். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ரொறன்ரோவிலிருந்து வந்த மருமகன் விட்டுப் போனது வேறு வகை. சென்ஹைசர் எச்டி 600. 1997 முதல் விற்பனையில் இருக்கும் மாடல். காதை முழுக்கச் சுற்றிக்கொள்ளும், ஆனால் மூடாது. வெளிப்பக்கம் வெறும் உலோக வலை. வெளிச்சத்துக்குப் பிடித்தால் உள்ளே இருப்பது மங்கலாகத் தெரியும். ஒலி எழுப்பும் தகட்டின் பின்பக்கத்து அலை மூடிய கிண்ணத்துக்குள் முட்டித் திரும்பாமல் வெளியே போய்விடுகிறது. அதனால் பாட்டு தலைக்குள் நெருக்கியடிக்காமல் சற்று விலகி நின்று கேட்கும். இந்தத் திறந்த வகையைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் இதே கம்பனிதான், 1968இல், மஞ்சள் பஞ்சு வைத்த எச்டி 414 என்ற பெயரில். எண்பதுகளில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த வோக்மனின் பஞ்சுக் காதும் திறந்த வகைதான். அதை யாரும் இசைப்பிரியர்களின் பொருள் என்று சொன்னதில்லை. உப்புக் காற்றில் பஞ்சு பொடியாக உதிர்ந்து சட்டைத் தோளில் கிடந்ததுதான் எல்லாருக்கும் ஞாபகம்.

“மாமா, இது நல்ல சாமான், படகில போகேக்க கேளுங்கோ” என்றான் மருமகன். அவன் சொன்னதில் முதற்பாதி சரி. படகில் இதைப் போடுவது வீண். இஞ்சின் சத்தம் வலைக்குள்ளால் நேராக உள்ளே வரும். பாட்டைக் கூட்டினால் பக்கத்து இருக்கைக்காரருக்கும் அரைப் பாட்டுப் போகும். கூட்டிக்கொண்டே போனால் காதுதான் கெடும். வாரத்துக்கு 40 மணிநேரம் கேட்பவருக்கு 80 டெசிபல் என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை வைத்திருக்கிறது. இரைச்சலோடு போட்டி போடுகிறவர் அதைச் சுலபமாகத் தாண்டிவிடுவார். பஸ்சிலும் இதே கதை. சோளகக் காலத்தில் முற்றத்தில் போட்டால் காற்று வலையில் ஊதும்.

வீட்டுக்குள், அதுவும் இரவில், கணக்கு வேறு. வெள்ளவத்தையில் காலி வீதிப் பக்கம் அறை எடுத்திருப்பவருக்கு இந்த ஹெட்போன் பாதிதான் வேலை செய்யும். பஸ் ஹோர்ன் எல்லாம் உள்ளே வரும். நெடுந்தீவில் எட்டு மணிக்குப் பிறகு வெளியே பனையோலைச் சத்தமும் நாயும் தவிர அதிகம் இல்லை. திறந்த ஹெட்போன் கேட்கும் அமைதி இங்கே இலவசம். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டேன். வலக்கை விரல்களில் மாட்டிய கூடுகளின் சொடுக்கும் இடக்கைக் கழியின் அடியும் இரண்டு தோல்களில் விழுவது பிரிந்து தெரிந்தது. நாடாவின் இரைச்சலும் அப்படியே தெரிந்தது. நல்ல ஹெட்போன் பழைய பதிவுக்கு இரக்கம் காட்டாது. ஒன்று ஏமாற்றம்: மோனோப் பதிவுக்கு இந்த வகையின் விசாலம் உதவாது. இரண்டு காதுக்கும் ஒரே ஒலி போகும்போது அது தலைக்கு நடுவில்தான் நிற்கும். அறுபதுகளின் சினிமாப் பாட்டில் பெரும்பகுதிக்கும் இதே நிலை. குரல், வீணை, வயலின் இவற்றுக்கு இது சொல்லிவைத்தது. நெஞ்சில் குத்தும் அடித்தாளம் வேண்டும் என்பவர்கள் மூடிய வகைக்கே போகவேண்டும். வலைக்குள்ளால் முதலில் கசிவது அதுதான்.

நான் மிகவும் மதிப்பது இதன் இன்னொரு பயனை. தீவில் இளையவர் பலர் யாழ்ப்பாணத்திலும் வெளிநாட்டிலும். மிஞ்சி இருப்பவர்களில் முதியவர் நிறைய. அவர்களைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பவருக்கு, காதில் பாட்டு ஓடும்போதே உள்ளறையில் ஒருவர் இருமுவதும் படலை திறப்பதும் கேட்கவேண்டும். ஏ.எல். பரீட்சைக்கு இணைய வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கும் இது நல்லது: தன் குரல் தனக்கு இயல்பாகக் கேட்பதால் கத்திப் பேசாது, மூன்று மணிநேரம் போட்டாலும் காது வேர்க்காது. ஆனால் அதே ஹோலில் வேறொருவர் படுத்திருந்தால் ஆசிரியரின் குரல் அவரையும் எழுப்பும். பெரியம்மா ஒரு தரம் கட்டிலில் இருந்தபடியே, “உந்தப் பாட்டை நல்லாப் போடு, இல்லாட்டி நிப்பாட்டு” என்றா.

வாங்க நினைப்பவர்கள் பார்க்கவேண்டியது மின்மறுப்பு, அதாவது ஓம் கணக்கு. எச்டி 600 போல 300 ஓம் உள்ளவற்றைப் பல கைத்தொலைபேசிகளால் முழுப் பலத்தோடு ஓட்ட முடியாது. ஒலி மெலிந்து, பாட்டின் சத்தமான இடங்களில் சோர்ந்துவிடும். தனி அம்ப் வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். இங்கே மின்சாரம் டீசல் ஜெனரேற்றரிலிருந்து. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய, காற்று மின்சாரம் கொடுக்கும் இந்திய நிதித் திட்டத்துக்கு 2024 மார்ச்சில்தான் ஒப்பந்தமானது. 32 ஓம் அளவில் வரும் திறந்த ஹெட்போன்களில் பல கைத்தொலைபேசியிலேயே போதிய சத்தம் தரும். தீவுக்கு அதுவே பொருத்தம், விலையும் பல மடங்கு குறைவு. வெளிநாட்டு உறவினர் என்ன கொண்டுவர என்று கேட்டால், அதையும் இரண்டு சோடி காது மெத்தையையும் சேர்த்துச் சொல்லுங்கள். உப்புக் காற்றில் முதலில் போவது மெத்தைதான். அது இங்கே கடையில் கிடைக்காது.